மூச்சுக்கு உகந்த பணியிடம்: காற்று, ஈரம், பூஞ்சை



மொழிக்கான மேடையில் கட்டடக் காற்றையும் பூஞ்சையையும் பேசுபொருளாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பணியிடத்தின் காற்று கெட்டுவிட்டதை முதலில் உணர்வது கருவியன்று. நாள்தோறும் எட்டு மணி நேரம் அங்கே மூச்சு விடுகின்ற மனிதரே. அவர் உணர்ந்ததைச் சொல்லியாகவேண்டும். சொன்னது தெளிவாக இருந்தால் ஆய்வு தொடங்கும். "என்னவோ போல் இருக்கிறது" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால், "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற மறுமொழியோடு அது முடிந்துபோகும். ஆகவே, பணியிடக் காற்றை மதிப்பிடும் கலையின் முதற்படி சொல்லாக இருக்கின்றது. அந்தச் சொல்லையும், அதைத் தொடர்ந்து வரும் அளவீட்டையும் இன்று ஒருங்கே காண்போம்.

திறந்த வெளியிலிருந்து அடைத்த அறைக்கு

கூலாய் வட்டாரம் ரப்பரும் செம்பனையும் வளர்த்த மண். இங்கே நம் பாட்டன் பாட்டியர் விடியலுக்கு முன்பே பால்மரக் காட்டிற்குள் நுழைந்தனர். மழை, கொசு, அட்டை, பாம்பு என அவர்கள் பட்ட இன்னல்கள் பல. ஆயினும் வேலை செய்த இடத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று செனாயின் மின்னணுத் தொழிற்சாலைகளிலும், வானூர்தி நிலையத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும், வங்கிகளிலும், அலுவலகங்களிலும், செடெனாக்கில் எழுந்துள்ள தரவு மையங்களிலும் பணியாற்றுகின்றனர். அங்கெல்லாம் சன்னல் இருந்தாலும் அது பெரும்பாலும் ஒளிக்காக மட்டுமே, திறப்பதற்கன்று.

சிலப்பதிகாரத்தில் சன்னலைக் குறிக்கக் 'காலதர்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. 'கால்' என்றால் காற்று. 'அதர்' என்றால் வழி. சன்னல் என்பது காற்று வரும் வழி என்ற கருத்து அந்தப் பெயரிலேயே இருக்கின்றது. திறவாத கண்ணாடிச் சன்னலைக் காலதர் என்று அழைக்க இயலாது. காற்றின் வழியை அடைத்துவிட்ட கட்டடத்தில் அந்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்கின்றது. இயந்திரம் தவறினால் அங்கே மாற்று வழி இல்லை.

பூஞ்சையின் இயல்பை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளையிலிட்டுத் தகடாக்கி, புகையறையில் நாட்கணக்கில் தொங்கவிட்டார்கள். புகையின் வெப்பம் தகட்டை உலர்த்தியது. புகை பூஞ்சையைத் தடுத்தது. தகடுகளை ஒவ்வொன்றாக ஒளிக்கு எதிரே தூக்கிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பூஞ்சை படிந்திருந்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். ஒரு பண்டத்தைப் பூஞ்சையிலிருந்து காப்பதற்கென்றே தோட்டத்தில் தனிக் கட்டடம் இருந்தது. அந்தத் தகடுகளை உருவாக்கியவர்கள் குடியிருந்த லயத்தின் ஈரச்சுவருக்கு அத்தகைய தரப்பட்டியல் இருக்கவில்லை. பண்டத்திற்குக் காட்டிய கவனத்தை மனிதரின் நுரையீரலுக்கும் காட்டவேண்டும் என்பதே இந்தத் துறையின் சாரம்.

காற்றில் மறைந்திருக்கும் நீர்

பூஞ்சையைப் புரிந்துகொள்ள முதலில் நீரைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் செய்து காட்டலாம்.

ஜொகூரின் பிற்பகலில் வெளிக்காற்று 30 பாகை செல்சியசிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 22 பாகைக்குக் குளிர்வித்தால், அதனால் ஏறத்தாழ 19 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்க இயலாது. எஞ்சிய மூன்று கிராமுக்கும் சற்று மேற்பட்ட நீர் எங்கேனும் துளியாகப் படிந்தாக வேண்டும். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர். அந்த அறைக்குள் வெளிக்காற்று ஒருமுறை முழுமையாகப் புகுந்து குளிர்ந்தால், ஏறத்தாழ அரை லிட்டர் நீர் பிரிந்துவிடும். மணிக்கு ஒருமுறை என்று எட்டு மணி நேரத்திற்குக் கணக்கிட்டால் நான்கு லிட்டர்!

குளிரூட்டி நன்றாக இயங்கினால், அந்நீர் அதன் குளிர்ச்சுருளில் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, தட்டில் நீர் தேங்கினாலோ, குளிர்ந்த காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள உறை கிழிந்தாலோ, நீர் தனக்கு வேறிடம் தேடிக்கொள்ளும். உட்கூரைப் பலகை, சுவரொட்டுத் தாள், தரைவிரிப்பு, அலமாரியின் பின்புறம், புத்தகத்தின் முதுகு ஆகியவையே அந்த இடங்கள்.

குளிரூட்டியை மிகக் குளிராக வைத்தால் பூஞ்சை வராது என்று பலர் நம்புகின்றனர். நம் தட்பவெப்பத்தில் இந்த நம்பிக்கை பெரும்பாலும் நேர்மாறான விளைவைத் தருகின்றது. மேற்சொன்ன வெளிக்காற்று 25 பாகையளவில் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கத் தொடங்கும். அறையை 18 பாகைக்குக் குளிர்வித்துவிட்டுக் கதவை அடிக்கடி திறந்தால், சுவரும் மேசையும் குளிர்ந்த குவளையைப் போலவே வியர்க்கும். வெள்ளிக்கிழமை மாலை குளிரூட்டியை நிறுத்திவிட்டுச் செல்லும் கட்டடங்களிலும் இதுவே நிகழ்கின்றது. ஈரக்காற்று மெல்ல உள்ளே கசிகின்றது. இன்னும் குளிராகவே இருக்கும் சுவரில் நீராகப் படிகின்றது. திங்கட்கிழமை கதவைத் திறப்பவரை வாடை வரவேற்கின்றது.

பூஞ்சை: நண்பனும் பகையும்

பூஞ்சையை முற்றிலும் பகையாகக் கருதுவது பிழை. சந்தையில் நாம் வாங்கும் தெம்பே, சோயா விதைகளைப் பூஞ்சை தன் வெண்ணிழைகளால் பிணைத்ததால் உருவானது. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத்தட்டில் தற்செயலாக வந்து விழுந்த பூஞ்சை பெனிசிலினைத் தந்தது. பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் வெளியிலும் உள்ளேயும், தூய்மையான வீட்டிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை முற்றாக நீக்கிய அலுவலகம் உலகில் இல்லை.

வித்து முளைக்க உணவும் நீரும் வேண்டும். உணவு எங்கும் இருக்கின்றது: தாள், மரம், பசை, பூச்சு, ஏன், வெறும் தூசு கூடப் போதும். ஆகவே, நம்மால் கட்டுப்படுத்தக் கூடியது நீர் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வேரூன்றாது. அந்த வாய்ப்பை இழந்தால் பூஞ்சை பூத்துவிடும். தமிழில் பூஞ்சை வளர்வதைப் 'பூத்தல்' என்றே சொல்கின்றோம். ஊறுகாய் பூத்துப்போயிற்று என்கின்றோம். பூப்பது போலவே அது கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளே வளர்ந்திருக்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நமக்குத் தெற்கே ஜொகூர் பாருவில் புதிதாகக் கட்டப்பட்ட சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, 2004ஆம் ஆண்டில் பூஞ்சை பரவியதன் காரணமாக மூடப்பட்டது. சீரமைத்த பின்னரே மீண்டும் இயங்கியது. அது பழைய கட்டடம் அன்று. தூய்மைக்கே முதலிடம் தரவேண்டிய மருத்துவமனை. பூஞ்சை பழமையின் அடையாளம் என்ற எண்ணத்தையும், துடைத்துப் பெருக்கினால் அது வராது என்ற எண்ணத்தையும் இந்த நிகழ்வு ஒருசேரத் தகர்த்தது. கட்டடத்தின் வயது, அழகு, விலை ஆகிய எதையும் பூஞ்சை பொருட்படுத்துவதில்லை. அது ஈரத்தையே தேடுகின்றது.

ஆய்வின் மூன்று படிகள்

மலேசியாவில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010ஆம் ஆண்டில் உட்புறக் காற்றுத் தரத்திற்கான தொழில்துறை நடைமுறைக் கோவையை வெளியிட்டது. அலுவலகம் போன்ற, தொழிற்சாலை சாராத பணியிடங்களுக்கு அது வழிகாட்டி. ஆய்வு மூன்று படிகளாக நடைபெறும்: முறையீட்டைக் கேட்டல், கட்டடத்தை நடந்து பார்த்தல், கருவியால் அளத்தல். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே கருவியைக் கொண்டுவந்தால், எங்கே வைப்பது, எப்போது வைப்பது என்பதே தெரியாது.

முதற்படியில் நம் மொழி நமக்கு எவ்வளவு உதவும் என்பதைப் பாருங்கள். கெட்ட காற்றைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டுகின்றது. 'இறுக்கம்' என்றால் காற்று அசையவில்லை, புதிய காற்று வரவில்லை. 'புழுக்கம்' என்றால் வெப்பமும் ஈரமும் கூடியிருக்கின்றன. 'மக்கல் வாடை' என்றால் எங்கோ ஈரம் தங்கிப் பூஞ்சை வளர்கின்றது. மலாய்மொழியில் இதையே 'ஹப்பாக்' என்பர். 'நெடி' என்றால் வண்ணப்பூச்சு, புதிய மரப்பலகை, துப்புரவு நீர்மம் போன்றவற்றின் வேதியாவி. நடைமுறைக் கோவையின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், காற்றசைவு, கரியமிலவாயு, வெப்பநிலை, ஈரப்பதம், பூஞ்சை எண்ணிக்கை, பார்மால்டிகைடு என அது பிரிக்கின்ற தலைப்புகளை இந்த நான்கு சொற்களும் ஏற்கெனவே தொட்டுவிடுகின்றன. "காற்று சரியில்லை" என்று பொதுவாகச் சொல்பவர் இந்தச் செல்வத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகின்றார்.

நல்ல முறையீடு எப்படி இருக்கும்? ஒரு நூலகப் பணியாளர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: "நூலகத்தின் கிழக்குச் சுவருக்கு அருகில் மக்கல் வாடை வருகின்றது. திங்கட்கிழமை காலையில் மிகுதியாக இருந்து, பத்து மணிக்குமேல் குறைகின்றது. கனமழைக்குப் பின் கூடுகின்றது. அங்கே அமரும் மூவருக்குத் தும்மலும் கண்ணரிப்பும் உண்டாகின்றன. வீடு திரும்பியபின் நின்றுவிடுகின்றன." இதில் இடம் இருக்கின்றது. காலம் இருக்கின்றது. வார இறுதியில் நிறுத்தப்படும் குளிரூட்டியையும், மழைநீர் கசியக்கூடிய சுவரையும் இது சுட்டிக்காட்டுகின்றது. வீட்டில் நின்றுவிடுகின்றது என்ற குறிப்பு, காரணம் கட்டடத்திலேயே இருக்கக்கூடும் என்பதை உணர்த்துகின்றது. ஐந்து வாக்கியங்களுக்குள் ஆய்வாளரின் பாதி வேலை முடிந்துவிடுகின்றது.

இரண்டாம் படியில் ஆய்வாளர் கண், மூக்கு, கைவிளக்கு, ஈரமானி ஆகியவற்றோடு நடக்கின்றார். உட்கூரையில் பழுப்பு வளையங்கள் உண்டா, பூச்சு உப்பியிருக்கின்றதா, வடிதட்டில் நீர் நிற்கின்றதா, காற்று நுழையும் வாய் கழிவுத்தொட்டிக்கு அருகிலோ வாகனங்கள் நிற்கும் இடத்திலோ உள்ளதா, அலமாரிகள் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்கின்றார். கையால் தொட்டு அறியமுடியாத ஈரத்தை ஈரமானி காட்டிவிடும். பூஞ்சை ஆய்வின் விடைகள் பெரும்பாலும் இந்த நடையிலேயே கிடைத்துவிடுகின்றன.

மூன்றாம் படியே அளவீடு. கோவை பரிந்துரைக்கும் எல்லைகள் சில: வெப்பநிலை 23 முதல் 26 பாகை; ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு; காற்றசைவு நொடிக்கு 0.15 முதல் 0.50 மீட்டர், கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 1000 பங்குக்கு மிகாமை, பார்மால்டிகைடு பத்து இலட்சத்தில் 0.1 பங்கு, வளர்தட்டில் முளைக்கக்கூடிய பூஞ்சை, ஒரு கன மீட்டர் காற்றில் 1000 அலகுகள்.

கரியமிலவாயுவுக்கான 1000 என்னும் எண்ணுக்கு வரலாறு உண்டு. 1858ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் பெட்டன்கோபர் என்னும் அறிஞர் அதே அளவை முன்மொழிந்தார். அந்த அளவில் வாயு நஞ்சாகிவிடும் என்பது அவர் கருத்தன்று. மனிதர் விடும் மூச்சில் அவ்வாயு இருப்பதால், அது கூடினால் பிறர் விட்ட மூச்சையே நாம் மீண்டும் இழுக்கின்றோம் என்பதற்கு அது அடையாளம். இன்றைய வெளிக்காற்றில் அது 420 பங்கை ஒட்டி உள்ளது. கூட்டம் நிறைந்த, அடைத்த வகுப்பறையில் அது 1000ஐக் கடப்பது எளிது.

எண் சொல்வதும் சொல்லாததும்

மாணவர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்கவேண்டும். எண் ஒன்று கிடைத்தவுடன் உண்மை முழுவதும் கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. பூஞ்சையை அளக்கக் காற்றைச் சில நிமிடங்களே கருவிக்குள் இழுக்கின்றார்கள். வித்துகள் அலையலையாக வெளிப்படுபவை; காலையில் குறைவாகவும், யாரேனும் அலமாரியை நகர்த்தினால் பன்மடங்காகவும் இருக்கும். ஆகவே, 1000க்குக் கீழ் வந்த எண் "இங்கே பூஞ்சை இல்லை" என்ற சான்றிதழ் ஆகாது. வெளிக்காற்றையும் அதே வேளையில் அளந்து ஒப்பிடவேண்டும். வெளியே இல்லாத வகை உள்ளே மிகுந்திருந்தால், கட்டடத்திற்குள்ளேயே அது வளர்கின்றது என்று ஐயுறலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்து வெளியிட்ட வழிகாட்டியில், இவ்வளவு பூஞ்சை வரை தீங்கில்லை என்ற எண்ணை வரையறுக்கவில்லை. ஈரமான கட்டடங்களில் இருப்போர்க்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லைகள் மிகுகின்றன என்பதற்குப் போதிய சான்றுகள் உள்ளன. ஆகவே நிலைத்த ஈரத்தையும் பூஞ்சை வளர்ச்சியையும் தடுப்பதே வழி என்றது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு எண் தேவையில்லை என்பது இதன் பொருள். சுவரில் கரும்படலம் தெரிந்தபின், அளவீட்டு முடிவுக்காகக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதே. அதுபோலவே, கரிய பூஞ்சை எல்லாம் கொடிய நஞ்சு என்ற அச்சமும் தேவையற்றது. நிறத்தை வைத்துத் தீங்கை அளக்க இயலாது.

தீர்வும் உரிமையும்

பூஞ்சையின் மேல் வண்ணம் பூசுவது தீர்வாகாது. சில வாரங்களில் அது பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். வெளுப்பு நீர்மம் தெளித்துவிட்டு அப்படியே விடுவதும் போதாது. இறந்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். முதலில் நீரின் வரவை நிறுத்தவேண்டும். பிறகு உலர்த்தவேண்டும். கண்ணாடி, உலோகம் போன்றவற்றைத் துடைத்து எடுக்கலாம். பூஞ்சை ஊடுருவிய உட்கூரைப் பலகையையும் தரைவிரிப்பையும் அகற்றுவதே முறை. அகற்றுவோர்க்கு முகக்கவசமும் கையுறையும் இன்றியமையாதவை. இந்த வேலை பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்களிடமே ஒப்படைக்கப்படுகின்றது. அவர்களில் நம் தாய்மார்கள் பலர் உள்ளனர். அவர்கள் கையில் ஒரு துணியையும் வாளியையும் மட்டும் கொடுத்து அனுப்புவது அறமாகாது.

சட்டமும் துணை நிற்கின்றது. 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயன்றவரை நலத்திற்குத் தீங்கற்ற பணியிடத்தை வழங்கும் பொறுப்பை முதலாளியின் மேல் சுமத்துகின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின் அதன் எல்லை மேலும் விரிந்தது. 40 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்படவேண்டும். பாதுகாப்புக் குறித்து முறையிட்டதற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்வதையும் சட்டம் தடுக்கின்றது. இவையெல்லாம் இருந்தும், முறையிடத் தெரியாதவர்க்கு இவற்றால் பயன் குறைவு.

பள்ளி செய்யக்கூடியது

ஆசிரியப் பெருமக்களே, பள்ளியும் ஒரு பணியிடமே. ஆசிரியர் அறையும் நூலகமும் கணினி அறையும் நம் கண்முன் உள்ள ஆய்வுக்களங்கள். விலைகுறைந்த ஈரப்பதமானி ஒன்றை நூலகத்தில் வைத்து, இரண்டு வாரங்கள் காலையும் மாலையும் மாணவர்கள் குறித்துவரட்டும். கருவி கிட்டாவிடில் இரு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஈரப்பதத்தை அட்டவணை வழி அறியலாம். பூஞ்சையை மாணவர்கள் தொடவோ சுரண்டவோ வேண்டா. பார்த்து, இடத்தையும் நாளையும் எழுதினால் போதும்.

பின்னர் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு முறையீட்டுக் கடிதம் வரையச் செய்யுங்கள். முதலில் தமிழில் எழுதட்டும். உணர்ந்ததைத் தாய்மொழியில் துல்லியமாகச் சொல்லப் பழகட்டும். அதன்பின் அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும். ஏனெனில் அலுவலகத்தின் மேசைக்கு அது அந்த மொழிகளில்தான் செல்லவேண்டியிருக்கும். இறுக்கத்தையும் புழுக்கத்தையும் தமிழில் பிரித்தறியாத மாணவர், பிறமொழியிலும் அவற்றைப் பிரித்துச் சொல்வது அரிது. கடிதம் எழுதுதல் நம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். சுற்றுலாவுக்கு அழைத்து நண்பனுக்கு எழுதும் கடிதத்தோடு இத்தகைய கடிதமும் இடம்பெறட்டும்.

மாணவச் செல்வங்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் செனாயிலோ சிங்கப்பூரிலோ குளிரூட்டிய அறைக்குள் வேலைக்குச் செல்வீர்கள். அங்கே ஒரு நாள் மக்கல் வாடை வந்தால், அதை வேலையின் ஒரு பகுதி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே, எப்போது, எத்தகைய வாடை, யாருக்கு என்ன என்று நான்கு வரி எழுதிக்கொடுங்கள். அதைப் படிப்பவர் எழுந்து சென்று சுவரைப் பார்த்தாக வேண்டும்.